செருப்பை எண்ணி வண்டி எடுத்த நாள்

கோயில், குகை, மலை மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் ஆட்களை வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். ஈப்போவில் வாடகைக் கார் ஓட்டிய எங்களுக்குள் இதற்கு ‘முழுநாள்’ என்று பெயர். “நாளைக்கு உனக்கு முழுநாளா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இப்போது ஸ்டாண்டில் இருக்கும் பிள்ளைகள் அதற்கு வண்ண அட்டை அச்சடித்து, எந்த இடம், எத்தனை மணிக்கு என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டையில் கோப்பெங் பக்கத்துக் குகையும் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓட்டுநர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “கொஞ்சம் சிரிப்பா இருக்கட்டும்லா அண்ணே” என்று வேறு சொன்னார்கள். முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவனிடம் சிரிப்பான கதை இல்லாமல் இருக்குமா? பெண் வீட்டாரைத் தப்பான கல்யாண வீட்டில் இறக்கிவிட்டு, அவர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்து ஓடிய கதை ஒன்று இருக்கிறது. அதை யாராவது வாயால் சொல்லட்டும். நான் எழுத வேண்டியது அஞ்சலையைப் பற்றி. இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை, பயம்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவினார்கள். பதினாறு வயதில் துரையின் காரைக் கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுவியவன் துடைத்தான், துடைத்தவன் எண்ணெய் விட்டான், எண்ணெய் விட்டவன் ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தான். இருபத்தொரு வயதில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, நாலு கார் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு ராவுத்தரிடம் சேர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை ஏறி கையில் காசு உள்ளவர்கள் எல்லாம் காரில் ஊர் சுற்ற ஆசைப்பட்ட சமயம் அது.

ராவுத்தர் கண்டிப்பாகச் சொன்ன முதல் விஷயம், டிரைவர் சப்பாத்து போட வேண்டும் என்பது. அதுவரை நான் செருப்புகூடப் போட்டதில்லை. முதல் வாரம் குதிகால் தோல் உரிந்து நொண்டினேன். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம், வெறுங்காலோடு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு இளக்காரம் வந்துவிட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ராவுத்தர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. விடியற்காலையில் வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக வந்து ஒவ்வொரு டயரையும் விரல் முட்டியால் தட்டுவார். சத்தத்தை வைத்தே காற்று போதுமா இல்லையா என்று சொல்லிவிடுவார். பிறகு டிரைவரின் பக்கத்தில் வந்து நின்று, “நல்லா தூங்கினியா தம்பி?” என்பார். அவர் கேட்பது தூக்கத்தை இல்லை. முதல்நாள் கள்ளுக்கடைக்குப் போனவனா என்று மூச்சை முகர்ந்து பார்க்கிறார். வாடை வந்தால் திட்ட மாட்டார், சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு முழுக்க அவன் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

முழுநாள் வண்டிக்கு அவரிடம் தனிச் சட்டம் இருந்தது. காலையில் கோயில், வெயில் ஏறினால் குகை, வெயில் தாழ்ந்தால் மலை. இந்த வரிசை மாறக் கூடாது. மலை ஏறும் முன் இன்ஜினை ஆற விட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். டிரைவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. குகைக்குள் போகவே கூடாது. கிளம்ப நேரமானால் ரப்பர் ஹாரனை மூன்று தரம் அழுத்த வேண்டும். “வாடகைக்கு எடுத்தவர்தான் அன்னிக்கு உனக்கு முதலாளி. அவர் சொல்லை நீ மீறினா என் சொல்லை மீறின மாதிரி” என்பார்.

இதோடு இன்னொன்றும் உண்டு. கிளம்பும் முன் ஆட்களை எண்ண வேண்டும், ஆனால் தலையை எண்ணக் கூடாது. நம் ஜனங்களுக்கு ஆளை விரல் நீட்டி எண்ணினால் ஆகாது, கண்பட்டுவிடும் என்பார்கள். அதிலும் ஒரு டிரைவர் வந்து வீட்டுப் பெண்களை ஒன்று, இரண்டு என்று முகம் பார்த்து எண்ணினால் ஆண்களுக்குப் பொறுக்குமா? அதனால் ராவுத்தர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கோயிலானாலும் குகையானாலும் எல்லோரும் செருப்பைக் கழற்றி வண்டியின் மிதிபலகைக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் போவார்கள். டிரைவர் அதை எண்ணி வைத்துக்கொள்வான். திரும்பி வந்து மாட்டிக்கொள்வார்கள். கீழே ஒரு ஜோடியும் மிச்சமில்லை என்றால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். “தலையை எண்ணாதே தம்பி, செருப்பை எண்ணு” என்பார். எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு அது. எனக்கும் பிடித்திருந்தது.

தீபாவளிக்கு மறுநாள், கோப்பெங்குக்கும் காம்பாருக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் கிராணி முழுநாளுக்கு இரண்டு வண்டி கேட்டிருந்தார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பினாங்கிலிருந்து அவருடைய மச்சினர் குடும்பம் வந்திருந்தது. முதல் வண்டியை நான் ஓட்டினேன். இரண்டாவது வண்டி அந்தோணிக்கு. அவன் என்னைவிட ஒரு வருடம் பிந்திச் சேர்ந்தவன், நல்லவன். முதல் வண்டிக்காரன்தான் எண்ண வேண்டும் என்பது முறை.

கிராணியின் கைக்குழந்தையைத் தூக்க, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். அதுதான் அஞ்சலை. பத்தொன்பது வயதிருக்கும். நெற்றியில் சிறு பிறை மாதிரி பச்சை குத்தியிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் என்று பிறகு தெரிந்தது. தோட்டத்துக்கே லீவு நாள், அவளுக்கு மட்டும் வேலை. ஆனால் அவள் முகத்தில் அந்த வருத்தம் இல்லை. காரில் ஏறப் போகிறோம் என்ற பூரிப்புதான் இருந்தது. வெறுங்காலில் பனியும் செம்மண்ணும் ஒட்டியிருந்தது.

“காலைத் துடைச்சிட்டு ஏறு” என்றேன்.

அவள் புல்லில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஏறி, சீட்டில் உட்காராமல் தரையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குந்தினாள். அவளை அப்படி உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. சீட்டில் உட்காரும்படியும் யாரும் சொல்லவில்லை.

வண்டி வேகம் பிடித்ததும் கொஞ்ச நேரம் பயந்தாள். பிறகு பேச்சு வந்துவிட்டது. “அண்ணே, கடைசியா மலைக்குப் போறோமாமே. மேலேர்ந்து பார்த்தா நம்ம லயம் தெரியுமா?”

“தெரியும்.”

“அவுக கெணத்தடியில நின்னா தெரியுமா?”

கிராணியின் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிராணியின் மனைவி, கிராணி அம்மாகூடத் திட்டவில்லை.

காலையில் ஈப்போ வந்து மலையடிவாரக் குகைக் கோயிலில் அபிஷேகம் பார்த்தார்கள். அங்கே கீழே விட்ட செருப்பு ஒன்பது ஜோடி. திரும்பி வந்தபோது ஒன்பதும் போயின. நிழலில் நிறுத்திப் புளிச்சோறு சாப்பிட்டார்கள். மத்தியானம் இரண்டரை மணிக்குக் கோப்பெங் பக்கத்துக் குகைக்கு வந்தோம்.

அந்தக் குகைக்குள் ஒரு ஆறு ஓடுகிறது. மலையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. வாயிலில் யாரோ ஒரு முருகன் வேலை நட்டு விபூதி பூசியிருந்தார்கள், அதனால் அங்கேயும் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, அரிக்கேன் விளக்கோடு உள்ளே போனார்கள். நான் வண்டியோடு நின்றேன். அரை மணி கழித்துப் பார்த்தால் மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஹாரனை மூன்று தரம் அழுத்தினேன். வந்தார்கள்.

நான் குனிந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். குழந்தை தூங்கிவிட்டது, மச்சினர் மனைவி அதைத் தன் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டு அந்தோணியின் வண்டியில் ஏறினார். அப்போது அஞ்சலை விளக்கோடு குகைப் பக்கம் ஓடினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏதோ எடுத்துவரச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன், மறுபடி குனிந்துகொண்டேன். அவள் ஓடியதை நான் பார்த்தேன். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

மழை கொட்ட ஆரம்பித்தது. அந்தக் காலத்து வண்டிக்குக் கண்ணாடிக் கதவு கிடையாது. பக்கத்துத் திரைகளை இறக்கிப் பொத்தான் போட வேண்டும். அலறிப் புடைத்துக்கொண்டு பிள்ளைகள் கிடைத்த வண்டியில் ஏறினார்கள். இங்கே இருந்த பெண் அங்கே போனாள், அங்கே இருந்த பையன் இங்கே வந்தான். நான் நனைந்துகொண்டே பொத்தான் போட்டேன். கீழே பார்த்தேன். ஒரு ஜோடிகூட மிச்சமில்லை. கணக்குச் சரி. ஹேண்டிலைப் போட்டு இன்ஜினைக் கிளப்பினேன்.

செருப்பில்லாத ஒருத்தி அந்தக் கணக்கில் எப்படி வருவாள்? மற்ற டிரைவருக்கு அது தோன்றாமல் போகலாம். இருபத்தொரு வருடம் வெறுங்காலோடு நடந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மலை உச்சிக்கு நாலரை மணிக்குப் போனோம். மழை விட்டிருந்தது. கழுவித் துடைத்த மாதிரி வெளிச்சம். கீழே ஈயம் தோண்டும் லம்பங்களின் குட்டைகள் ஒவ்வொன்றும் மின்னின. தோட்டத்துப் புகைக்கூண்டுகூடத் தெரிந்தது. மச்சினர் மனைவி குழந்தையை நீட்டி, “அஞ்சலையை வரச் சொல்லு, என் கை விட்டுப் போச்சு” என்றார்.

“உங்க வண்டியிலதானே வந்தா?” என்றார் கிராணி அம்மா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிராணி அம்மாவின் முகம் வெளிறிப்போனது. “தொப்பி... பாப்பா தொப்பி உள்ள விழுந்துருச்சுன்னு நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

நான் கிராணியிடம் ஓடினேன். “ஐயா, நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன். நீங்க இங்க இருங்க” என்றேன்.

கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். “எதுக்கு டிரைவர்? அவளுக்கு வழி தெரியும். மெயின் ரோட்டைப் பிடிச்சு நடந்து வந்துருவா. வண்டியைக் கொண்டு போயிட்டா நாங்க எப்படி எறங்குறது? வந்ததுக்கு நல்லா பார்த்துட்டே போவோம்.”

“ஆத்துல தண்ணி ஏறியிருக்கும் ஐயா.”

“சொன்னதைச் செய்யி.”

செய்தேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் ஓடியபோது குனிந்துகொண்டது அஜாக்கிரதை. செருப்பை எண்ணியது முட்டாள்தனம். ஆனால் மலை உச்சியில், ஒரு மணி நேரம், கையில் ஹேண்டிலை வைத்துக்கொண்டு நின்றேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது? முதலாளி சொல்லை மீறினால் சாவி போய்விடும் என்று நின்றேன். அந்தோணி பக்கத்தில் வந்து, “போலாம்லா மச்சான், நாம போலாம்லா” என்று முணுமுணுத்தான். நான் அசையவில்லை.

அவர்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் குகைக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாயிலில் நட்டிருந்த வேலின் பாதி உயரத்துக்குச் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. “அஞ்சலை, அஞ்சலை” என்று நானும் அந்தோணியும் தொண்டை கிழியக் கத்தினோம். நான் இடுப்பளவு இறங்கினேன். தண்ணீர் காலை வாரியது, அந்தோணி இடுப்பு வாரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். மறுநாள் காலையில், நாங்கள் ஈப்போ திரும்பிய பிறகு, தோட்டத்து ஆட்கள் இருபது பேர் வந்து தேடினார்கள். தண்ணீர் வடியவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பெரட்டில், அதாவது பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்தில், கிராணி அஞ்சலையின் பேருக்கு நேரே கோடு போட்டார். “ஓடிட்டா” என்றார். ஈப்போவில் எவனோ ஒருவனோடு அவளுக்குப் பழக்கம் என்றும், காரில் வந்ததே அதற்குத்தான் என்றும் பேச்சு கிளம்பிவிட்டது. அதை யார் கிளப்பியது என்று நான் சொல்லத் தேவையில்லை. குகையில் நாங்கள் விட்டுவிட்டு வந்ததில் செத்தாள் என்றால் துரையிடம் பதில் சொல்ல வேண்டும். ஓடிப்போய்விட்டாள் என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

தோட்டத்து ஆபீசில் விசாரணை என்று ஒன்று நடந்தது. அதற்கு முன்னால் ராவுத்தர் என்னிடம், “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தம்பி” என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாயா?

“செருப்பு எல்லாம் சரியா இருந்துச்சு ஐயா” என்றேன். எழுதிக்கொண்டார்கள். போகச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ராவுத்தர் டயரைத் தட்டி முடித்த பிறகு எங்கள் நாலு பேரிடமும் ஆளுக்கொரு சிறு துணிப்பை கொடுத்தார். உள்ளே புளியங்கொட்டை. காலையில் வந்த ஆட்கள் எத்தனையோ அத்தனை கொட்டையை இடது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஆள் ஏறினால் ஒன்றை வலது சட்டைப் பைக்கு மாற்ற வேண்டும். “குழந்தைக்கும் ஒண்ணு. வேலைக்காரிக்கும் ஒண்ணு” என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அஞ்சலையின் புருஷன் பெயர் முனியன். ஒல்லியான ஆள், பேச்சு மெதுவாக வரும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோட்டத்திலிருந்து நடந்தும் மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டும் ஈப்போ ஸ்டாண்டுக்கு வந்துவிடுவான். ஓடிப்போகிறவள் காரில்தானே போயிருப்பாள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். ஒவ்வொரு டிரைவராகப் போய்க் கேட்பான். “அஞ்சலைன்னு ஒரு புள்ளண்ணே. நெத்தியில பெற மாதிரி பச்சை குத்தியிருக்கும். உங்க வண்டியில எங்கயாச்சும் ஏறுனாளா?”

அன்றைய முதல் வண்டியை ஓட்டியவன் நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. காலையில் அவள் ஏறியது கிராணி வீட்டு வாசலில், அவன் அப்போது லயத்தில் இருந்தான். என்னிடமும் வந்து கேட்டான். “பார்க்கல” என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டான். “பார்க்கல.” ஒரு தடவை அவனுக்குச் சோறு வாங்கிக் கொடுத்தேன். “உங்களுக்குப் புண்ணியமா போகட்டும்ணே” என்றான். நான் காசைக் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினேன்.

மாசி மாதம் ஆறு வற்றியிருந்தது. குகையின் மறுபக்கம் இருந்த சின்ன லம்பத்துக்கு ஒரு சாமானை இறக்கப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருந்த கிழட்டுச் சீனர் என்னைத் தனியே கூப்பிட்டு, மலாயில், உங்கள் பெண்கள் சேலைத் தலைப்பில் சாமானை முடிந்து வைப்பார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கூலிகள் தங்கும் கொங்சிக்குள் போய், பழைய சீனப் பேப்பரில் சுற்றிய ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்தார். நீலச் சேலையின் முந்தானை. அதில் ஒரு முடிச்சு. அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே மாதிரி முடிந்து வைத்திருந்தார்கள். உள்ளே கம்பளி நூலில் பின்னிய ஒரு குழந்தைத் தொப்பி.

மழைக்கு இரண்டு நாள் கழித்து, மண் அலசும் மரக் கால்வாயின் தட்டியில் உடல் வந்து மாட்டியதாம். போலீசுக்குச் சொன்னால் லம்பத்தை மூடிவிடுவார்கள் என்று பயந்து, பின்னாலிருந்த மேட்டில் புதைத்துவிட்டார்கள். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஊதுபத்தி ஏற்றியிருந்த குச்சிகள் மண்ணில் நின்றன. யார் என்றே தெரியாத ஒருத்திக்கு அந்தச் சீனர்கள் அதையாவது செய்திருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தொப்பியை எடுத்து, தவறிவிடாமல் முடிச்சுப் போட்டிருக்கிறாள். அதோடு திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறாள். இன்ஜின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நேரே ராவுத்தரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஓடியதை நான் பார்த்ததையும் சேர்த்து. அவர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். “முதல்ல புருஷன்கிட்டச் சொல்லு. அவளுக்கு வந்த கெட்ட பேரு போகணும். அப்புறம் போலீசுக்குப் போவோம், நானும் வாரேன். உன் லைசென்ஸ் போனாலும் போகட்டும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முனியனை ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்கு அவன் முகம் தெளிவாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவனே, “அண்ணே, சேலை விக்கிற ஆளு ஒருத்தரு சொன்னாரு. கோலா கங்சார் சந்தையில நெத்தியில பச்சை குத்துன புள்ள ஒண்ணைப் பார்த்தாராம்” என்றான்.

“அது அஞ்சலை இல்ல முனியா.”

சொன்னேன். முதல் வண்டி என்னுடையது என்று சொன்னேன். அவள் உள்ளே ஓடியதைப் பார்த்தேன் என்று சொன்னேன். செருப்பை எண்ணியது, மலையில் நின்றது, லம்பத்து மேடு, எதையும் விடவில்லை. அவன் கோபப்படவில்லை. எழுந்து நாலு அறை விட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மொகத்தைப் பார்த்தீங்களா?” என்றான்.

“மொகத்தைப் பார்க்கல. துணியைப் பார்த்தேன். கையோட கொண்டு வந்திருக்கேன்.”

சட்டைக்குள் கையை விட்டேன். அவன் சட்டென்று என் கை மேல் தன் கையை வைத்து அழுத்தினான். மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன கை.

“எடுக்காதீங்கண்ணே.”

“முனியா, அவ ஓடிப்போகல. பெரட்டுல உன்னைப் பார்த்துச் சிரிச்சானுங்கள்ல, அவனுங்க வாயை அடைக்கலாம். நான் போலீசுல சொல்றேன்.”

“சிரிக்கட்டும்” என்றான். “நாலு மாசமா சிரிக்கிறானுங்க. பழகிப்போச்சு. நான் படுக்குறப்ப என்ன நெனைப்பேன் தெரியுமா? எங்கயோ ஒரு வீட்டுல அவ சோறாக்கிக்கிட்டு இருக்கா. எவனுக்கோ ஆக்குறா. ஆக்கட்டும். ஆனா அடுப்பு ஊதுறா, இருமுறா, உசுரோட இருக்கா. அதை நெனைச்சுத்தான் காலையில எந்திரிக்கிறேன். அதைப் புடுங்கிட்டு எனக்கு நல்ல பேரை வாங்கிக் குடுத்து என்னண்ணே செய்யிறது?”

அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நீங்க கோலா கங்சாருக்கு வண்டி ஓட்டுவீங்கள்ல?”

“ஓட்டுவேன்.”

“அவளை நீங்கதான் கொண்டுபோய் விட்டீங்க. அப்படித்தானே?”

அவனுக்குப் பைத்தியம் இல்லை. அவன் கண்ணில் தெரிந்தது. தான் என்ன கேட்கிறோம் என்று நன்றாகத் தெரிந்துதான் கேட்டான். நான் சட்டைக்குள்ளிருந்த கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

“ஆமா முனியா” என்றேன். “நான்தான் கொண்டுபோய் விட்டேன்.”

“நல்லா இருந்தாளா?”

“நல்லா இருந்தா.”

ராவுத்தரிடம், அவன் போலீஸ் வேண்டாம் என்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். துணியை நான் அந்த மேட்டிலேயே கொண்டுபோய்ப் புதைத்தேன். கிராணி பின்னால் பெரிய கிராணியாகி நன்றாகத்தான் இருந்தார். அஞ்சலை இன்று வரைக்கும் அந்தத் தோட்டத்துப் பேரேட்டில் ஓடிப்போனவள்தான். அதை மாற்றக்கூடிய ஒரே ஆளாக நான் இருந்தேன், ஒரு வாய் வார்த்தைக்கு இரங்கி அதையும் விட்டேன். இரக்கம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது யோசித்தால், லைசென்ஸ் தப்பியது என்று எனக்குள் எங்கேயோ ஒரு ஓரத்தில் மூச்சு வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியன் வந்தான். வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். கையில் ஒரு தகரப்பெட்டியும் துணி மூட்டையும். தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். நேராக என் வண்டிக்கு வந்து, மூட்டையை உள்ளே வைத்தான்.

“அவளை எங்க எறக்கி விட்டீங்களோ, அங்கயே என்னையும் எறக்கி விட்டுருங்கண்ணே.”

உண்மையைச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. ஈப்போவிலிருந்து கோலா கங்சார் வரைக்கும் முப்பது மைல் நேரம் இருந்தது. வழி முழுக்க அவன், சந்தை பெரிதா, அந்த ஊரில் தமிழாட்கள் நிறைய உண்டா, அவள் நம்மைப் பார்த்தால் பயப்படுவாளா என்று கேட்டுக்கொண்டே வந்தான். தெரிந்ததற்கெல்லாம் பதில் சொன்னேன். ஊருக்குள் நுழைந்ததும் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டே போனேன். ரோடு பேராக் ஆற்றங்கரையில் போய் முடிந்தது. படகுத்துறையில் நிறுத்தினேன். அக்கரைக்குப் போகிற ஜனங்கள் படகுக்குக் காத்திருந்தார்கள். முனியன் பெட்டியோடு இறங்கி, அங்கே நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“இங்கதானாண்ணே?”

“இங்கதான்” என்றேன்.